கல்லடி பட்ட பானெட்: பெங்களூரு ஸ்போர்ட்ஸ் கார் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நந்தி மலைப் பக்கம் வண்டியை விட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பும் தமிழ்க் கூட்டம் ஒன்று பெங்களூரில் உண்டு. அல்சூர், எஜிபுரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து வருவோம். என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு ரெண்டு சீட்டர். டீ கிளாஸும் கையுமாக யாராவது குனிந்து தன் பானெட்டை உற்றுப் பார்த்தால் போதும், அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். நான் பெயின்ட்டர் இல்லை. ஓசூரில் மாமா டிங்கரிங் ஷெட் வைத்திருந்தார், பள்ளிக்கூட லீவெல்லாம் அங்கே உப்புத்தாள் தேய்த்தே போனது, அவ்வளவுதான். ஒரே பதிலைப் பத்து பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"சார், வாட்டர் வாஷ் விட்டப்பதான் பார்த்தேன். பானெட் முன்னாடி வெள்ளை வெள்ளையா புள்ளி. அழுக்கா, வேற ஏதாவதா?"

நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் தாரோ பூச்சியோ ஒட்டியிருக்கிறது, துடைத்தால் போய்விடும். பள்ளத்தில் நகம் இடறினால் கல் பட்டு பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. கடைகளில் அதை 'சிப்' என்பார்கள். மாமா 'கல்லடி' என்பார்.

போன் கேமராவைக் கிட்டே வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் அந்தப் புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரியும். தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு கலர், கடைசியாகக் கண்ணாடி போல கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வண்டியின் மொத்த பெயின்ட்டும் இரண்டு முடி கனம். புள்ளி வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் அடி பிரைமரோடு நின்றுவிட்டது. நடுவில் வெள்ளி போல மினுங்கினால் தகடு வரை போயிருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் தேவைப்படும்.

"கடுகு அளவு புள்ளிதானே, அப்படியே விட்டா என்ன ஆகிடும்?"

எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. அங்கே புள்ளி வெறும் அழகுப் பிரச்சினைதான், பத்து வருஷம் விட்டாலும் ஒன்றும் ஆகாது. பானெட்டும் ஃபெண்டரும் (முன் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) இரும்பா அலுமினியமா என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்தால் தெரிந்துவிடும். ஒட்டினால் இரும்பு. ஸ்போர்ட்ஸ் கார்களில் எடை குறைக்க அலுமினிய பானெட் வைப்பது சகஜம்.

இரும்பில் தகடு தெரிகிற சிப்பை மழைக்காலம் முழுக்க விட்டால், துரு புள்ளிக்குள் நிற்காது. பெயின்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்துபோய் ஓரத்தைக் கொப்புளமாகத் தூக்கும். அலுமினியத்தில் பழுப்புத் துரு வராது, ஆனால் வெள்ளைப் பொடி பூத்து அதுவும் பெயின்ட்டைத் தூக்கும். சென்னை மாதிரி உப்புக்காற்று இங்கே இல்லை என்பதால் கொஞ்சம் அவகாசம் உண்டு. அதற்காகத் தீபாவளி வரை தள்ளிப்போட வேண்டாம். அழகாக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், அடைப்பதை இந்த வாரமே செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இதுதான்.

"எங்கப்பாவோட பழைய அம்பாசிடர்ல இருபது வருஷமா ஒரு புள்ளி கிடையாது. இந்த வண்டிக்கு மட்டும் ஏன் இப்படி?"

அப்பா ஐம்பதில் போனார், நீங்கள் நூறில் போகிறீர்கள். முன்னால் போகும் டயர் கிளப்பிவிட்ட கல் ஏறக்குறைய காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. போய் முட்டுவது நாம்தான். அடியின் பலம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போகும்போது விழும் அடி, 120-ல் இரண்டேகால் மடங்கு. இதோடு மூக்கு தாழ்வாகத் தரையை ஒட்டி இருப்பது, கல் பறக்கும் உயரத்திலேயே பம்பர் நிற்பது, அகலமான ஒட்டும் டயர் கல்லைப் பொறுக்கி உங்கள் சொந்தக் கதவடியிலேயே வீசுவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

நைஸ் ரோட்டில் தார்ப்பாய் சரியாகப் போடாத ஜல்லி டிப்பருக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் போனால் ஆறு மாத அடி ஒரே நாளில் கிடைக்கும். மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்கும் ஆட்டோவும் பிரதானப் பாதையில் வரக்கூடாது. அதனால் எல்லாரும் ஒரே விரட்டு, ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு. அங்கே முன்வண்டியிடமிருந்து இரண்டு மடங்கு தூரம் விட்டுப் போவதுதான் காசு செலவில்லாத பாதுகாப்பு. புதிதாக ஜல்லி கொட்டிய இடத்தில் முந்தவே முந்தாதீர்கள்.

"கடையில 'ரெட்' டச்சப் கேட்டா என்ன ரெட்னு கேக்கறாங்க. எப்படிச் சொல்றது?"

டச்சப் என்பது புள்ளியை அடைக்கும் சின்ன பாட்டில் பெயின்ட். அதற்குப் பெயர் சொல்லாதீர்கள், கலர் கோட் (நிற எண்) சொல்லுங்கள். வண்டியிலேயே ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும்: டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், பானெட்டுக்கு அடியில், அல்லது டிக்கியில் ஸ்டெப்னி குழிக்குள். உதாரணத்துக்கு, பிஎம்டபிள்யூவின் ஆல்பைன் ஒயிட்டுக்கு 300. கிடைக்காவிட்டால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டரில் எடுத்துத் தருவார்கள்.

கம்பெனி டச்சப் பேனா கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் ஜே.சி. ரோடு பக்கம் பெயின்ட் மிக்ஸிங் கடைகளில் கோடைக் கொடுத்து சின்ன பாட்டிலில் கலந்து வாங்கலாம். பெட்ரோல் டேங்க் மூடிக் கதவைக் கழற்றி எடுத்துப்போனால் இன்னும் நல்லது. வெயிலில் கிடந்து வெளுத்த கலருக்கே பார்த்துக் கலப்பார்கள்.

"நானே டச்சப் பண்ணலாமா? கை நடுங்குமேன்னு பயமா இருக்கு."

பண்ணலாம். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். மழை இல்லாத நாள், காலை எட்டு மணி, நிழல், பானெட் கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும். வண்டியைக் கழுவி, புள்ளியைச் சுற்றி ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மெழுகோ செராமிக்கோ மிச்சமிருந்தால் புது பெயின்ட் பிடிக்காது. பல் குத்தும் குச்சியின் நுனியால் பள்ளத்தின் ஓரத்தைக் கிளறுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பெயின்ட் செதில் உதிர்ந்துவிடட்டும். அதன் மேல் பூசினால் அடுத்த மாதம் இரண்டும் சேர்ந்து உதிரும். பழுப்பு தெரிந்தால் துருவை நிறுத்தும் ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு சொட்டு, அது கறுத்து காய்ந்த பிறகு மேலே போங்கள். தகடு தெரிந்தால் பிரைமர் ஒரு சொட்டு. பிரைமரோடு நின்ற சிப்புக்கு இந்த இரண்டும் வேண்டாம்.

அப்புறம் கலர். பாட்டிலை இரண்டு நிமிஷமாவது குலுக்குங்கள், நிறமி அடியில் படிந்திருக்கும். மூடியோடு வரும் பிரஷ்ஷைத் தொடாதீர்கள், அது விளக்குமாறு. ஒரு சொட்டைப் பழைய கண்ணாடித் துண்டில் விட்டு, பல் குச்சி நுனியில் எடுத்துப் பள்ளத்தின் நடுவில் தொட்டால் போதும். பூச வேண்டாம், தொடுங்கள். பெயின்ட் தானாக ஓடி ஓரத்தைப் போய்ப் பிடிக்கும்; கோலப்பொடி ஈரத்தரையில் இழுப்பது போல அது நகர்வது கண்ணுக்கே தெரியும். காயும்போது சுருங்கிப் பள்ளமாகும், பயப்படாதீர்கள். முக்கால் மணி நேரம் விட்டு இன்னொரு தொடுதல். மூன்று நான்கு முறையில் சுற்றுப்புறத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். மறுநாள் கிளியரை அதே மாதிரி வைத்து, ஒரு முடியிழை மேலே நிற்கும்படி விட்டுவிடுங்கள். கை நடுங்கினால் சுண்டு விரலைப் பானெட்டில் ஊன்றிக்கொள்ளுங்கள். மாமா பீடியை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். இப்ப மச்சம் மாதிரி மேடா நிக்குது. கெடுத்துட்டேனா?"

கெடவில்லை, பாதி வேலை முடிந்திருக்கிறது. இரண்டு வாரம் விட்டுவிடுங்கள், உள்ளே காயட்டும். பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி, பென்சில் பின்னால் இருக்கும் ரப்பரில் ஒட்டிக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் விட்டு மச்சத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள். நாலு தேய், ஒரு துடை, பார். மச்சம் மங்கி, சுற்றியிருக்கும் பெயின்ட் மங்க ஆரம்பித்த அந்த நொடியில் நிறுத்துங்கள். பிறகு 3000, அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் பாலிஷ்.

கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். தேய்த்து அதைக் கடந்துவிட்டால் திரும்பி வராது, பேனலையே பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். பானெட்டின் மடிப்புக் கோடுகளிலும் ஓரங்களிலும் பெயின்ட் இன்னும் மெல்லிசாக இருக்கும். அங்கே மச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தேய்க்க வேண்டாம்.

"சரியான கோட்தான் வாங்கினேன். ஆனா சில்வர்ல வெச்ச டச்சப் கறுப்பா தெரியுதே?"

மெட்டாலிக் கலரில் குட்டிக் குட்டி அலுமினியச் செதில்கள் இருக்கும். ஸ்ப்ரே துப்பாக்கியால் அடிக்கும்போது அவை பாய் விரித்தது போலப் படுத்துக்கொள்ளும். குச்சியில் வைத்தால் கண்டபடி நிற்கும், வெளிச்சம் வேறு மாதிரி திரும்பும். கோட் சரி, கலர் சரி, செதிலின் படுக்கைதான் சரியில்லை. மெல்லிய அடுக்குகளாக வைத்தால் கொஞ்சம் குறையும், முழுக்க மறையாது. மூன்று பூச்சு முத்து வெள்ளையில் இன்னும் கஷ்டம். அடியில் வெள்ளை, நடுவில் முத்து என்று இரண்டு பாட்டில் வாங்க வேண்டும். மூன்றடி தள்ளி நின்று பார்த்துத் தெரியவில்லையென்றால் நான் நிறுத்திக்கொள்வேன்.

"நெயில் பாலிஷ் வெச்சா போதும்னு வீட்ல சொல்றாங்க…"

தப்பில்லை, முதலுதவிக்கு. ஊரிலிருந்து திரும்பும் வழியில் தகடு தெரிகிற சிப் விழுந்து, மழையும் வருகிறதென்றால் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து அடைக்கலாம். வெயிலில் மஞ்சளாகி உரியும் என்பதால் வீட்டுக்கு வந்து சுரண்டி எடுத்துவிட்டு முறையாகச் செய்யுங்கள். சிவப்பு நெயில் பாலிஷை என் சிவப்பு வண்டிக்கு வைத்துப் பார்த்தேன். குங்குமப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது.

"எண்ணிப் பார்த்தேன், எழுபது புள்ளி. ஒவ்வொண்ணா குத்திட்டு இருக்க முடியுமா? முன்னாடி மொத்தமா பெயின்ட் அடிச்சிடலாமே?"

பம்பரை அடிக்கலாம். அது எப்படியும் அடி வாங்கும் உறுப்பு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பானெட்டை அடிப்பதற்கு முன்னால் இரண்டு தரம் யோசியுங்கள். தொழிற்சாலையில் வெறும் கூட்டை ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். ஷாப்பில் வயரும் பிளாஸ்டிக்கும் இருக்கும் முழு வண்டியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்க முடியாது. நல்ல பெயின்ட் பூத்தில் நல்ல கை அடித்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விற்கும்போது வாங்குபவர் தடிமன் பார்க்கும் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் அதை வைக்காமல் இருக்க மாட்டார்கள்.

அடிப்பதென்று முடிவு செய்தால் மூன்று விஷயம் கேளுங்கள். பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் போடுகிறார்களா, இல்லையென்றால் அடுத்த கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வரும். கிளியர் ஹார்ட்னர் சேர்த்த டூ கே வகையா. பம்பருக்குப் பின்னால் ரேடார் சென்சார் இருந்தால், பழைய பெயின்ட்டை எடுக்காமல் அதன் மேலேயே பட்டி பார்த்து அடுக்கடுக்காக ஏற்றப் போகிறார்களா. கனம் கூடினால் ரேடார் தடுமாறும். டூ கே ஸ்ப்ரே கேனை வாங்கி வீட்டு கராஜில் நீங்களே அடிக்க நினைத்தால், அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

"இன்ஷூரன்ஸ்ல போட்டு விட்டா ஃப்ரீதானே?"

ஃப்ரீ இல்லை. இன்ஷூரன்ஸ் என்பது ஒரு சம்பவத்துக்கு. மூன்று வருஷமாகச் சேர்ந்த புள்ளிகள் தேய்மானம், அதற்குக் கிளெயிம் இல்லை. ஒரே நாளில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டி அடி வாங்கினீர்கள், அன்றே படம் எடுத்தீர்கள் என்றால் கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு முதல் 2,000 ரூபாய் உங்களுடையது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லையென்றால் பெயின்ட் பொருள் செலவில் பாதியைக் கழிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நோ கிளெயிம் போனஸ் போய்விடும். முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற தள்ளுபடி அது. விலையுள்ள வண்டிக்கு 50 சதவீதத்தில் இருப்பவர் பானெட் பெயின்ட்டுக்காக அதை இழப்பது, கொசுவுக்குப் பயந்து கோட்டையை விட்ட கதை.

"நான் செராமிக் கோட்டிங் போட்டாச்சு. 9எச், வைரம் மாதிரி, கல்லு ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்களே?"

சொன்னவர் விற்கிறவர். 9எச் என்பது பென்சில் அளவுகோல்: 9எச் பென்சிலால் கிழித்தால் கீறல் விழாது என்பதுதான் பொருள். வைரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கோட்டிங்கின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். நூற்றுச் சொச்சம் மைக்ரான் பெயின்ட்டையே துளைத்துப் போகிற கல் இதை எங்கே மதிக்கும்?

செராமிக் வீண் என்று சொல்லவில்லை. தண்ணீர் உருண்டு ஓடும், கழுவுவது சுலபம், போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை சீக்கிரம் ஏறாது. ஆனால் கல்லடிக்கு மருந்து அதுவல்ல.

"அப்ப பிபிஎஃப்? வெறும் பிளாஸ்டிக் பேப்பருக்கு இவ்ளோ விலையா?"

பிபிஎஃப் என்பது பெயின்ட்டைக் காக்க அதன் மேல் ஒட்டும் ஃபிலிம்; டிபியு என்கிற ரப்பர் போன்ற யுரேத்தேன் படலம். 150 முதல் 200 மைக்ரான் கனம், அதாவது உங்கள் பெயின்ட்டின் மேல் இன்னொரு பெயின்ட்டைவிடக் கூடுதலான தடிமன். கல் பட்டால் அமுங்கி எழும்பும். அடியை அகலமாகப் பரப்பி வாங்கிக்கொள்ளும். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் விசிறி விளிம்பை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க 3எம் கொண்டுவந்த படலத்தின் வழிவந்தது இது. பிறகுதான் ரேஸ் கார்களுக்கும் நம்மூர் வண்டிகளுக்கும் வந்தது.

கூர்மையான பெரிய கல் நூறில் வந்து குத்தினால் இதையும் கிழிக்கும். ஆனால் எழுபது புள்ளி விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழும். பிவிசி படலத்தையும் சிலர் பிபிஎஃப் என்றே விற்கிறார்கள். மலிவாக இருக்கும், வளைவுகளில் இழுபடாது, சீக்கிரம் மஞ்சளாகி விறைக்கும். பில்லில் டிபியு என்றும், கம்பெனி பெயரும், ரோல் நம்பரும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கடையை மாற்றுங்கள்.

"முழு வண்டிக்குமா, முன்னாடி மட்டும் போதுமா?"

கல்லுக்காக என்றால் முன்பக்கம் போதும்: பம்பர், முழு பானெட், இரண்டு ஃபெண்டர், பக்கக் கண்ணாடியின் முதுகு, ஹெட்லைட். முழு வண்டி லட்சங்களைத் தாண்டும். பார்க்கிங் கீறலுக்கும் பயப்படுகிறவர்களுக்கு அது. காசு இறுக்கமாக இருந்தால் கூரையையும் கதவையும் விட்டுவிட்டு, பின் சக்கரத்துக்கு முன்னால் புடைத்து நிற்கும் பகுதியைச் சேருங்கள். முன் டயர் வீசும் கல் நேராக அங்கேதான் போகும். போர்ஷே 911-இல் தொழிற்சாலையிலேயே அந்த இடத்தில் ஒரு படலம் ஒட்டித்தான் அனுப்புகிறார்கள்.

பானெட்டில் பாதி மட்டும் ஒட்டுவதை நான் சொல்ல மாட்டேன். குறுக்கே கோடு விழும், கோட்டில் அழுக்கு உட்காரும். வெள்ளை வண்டியில் வேட்டிக் கரை மாதிரி தெரியும்.

"சிப் இருக்கற இடத்து மேலேயே ஒட்டினா மறைஞ்சிடாதா? டச்சப் செலவு மிச்சம்!"

மறையாது, பெரிதாகத் தெரியும். பள்ளத்துக்குள் காற்று மாட்டி ஒவ்வொரு சிப்பும் வெள்ளி முட்டை போல மினுங்கும். மேடாக விட்ட டச்சப்பும் அப்படியே துருத்தும். எனவே முதலில் அடை, பிறகு சமன் செய், கடைசியில் ஒட்டு. மேலே மச்சம் தேய்த்த கதையில் சொன்ன இரண்டு வாரம் இங்கேயும் வேண்டும். முழு பேனல் பெயின்ட் அடித்திருந்தால் ஒரு மாதமாவது விடுங்கள். தின்னர் ஆவி முழுக்க வெளியேறாமல் மூடினால் அடியில் கொப்புளிக்கும்.

"ஃபிலிம் கடையில வண்டி மேலேயே பிளேடு வெச்சு வெட்டறாங்க. நெஞ்சு பதறுது. அப்படித்தானா?"

பதறுவது நியாயம். என் வண்டிக்கு முதல் தடவை ஒட்டியபோது கடைப் பையன் கை அவ்வளவு சுத்தமாக ஓடியது, நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் கழித்து படலத்தை உரித்தால், ஹெட்லைட்டைச் சுற்றி முடி இழை போல ஒரு கோடு, கிளியரைத் தாண்டிக் கலர் வரை. கடைக்காரரிடம் போனேன். "வண்டி வரும்போதே இருந்திருக்கும் சார்" என்றார். சாட்சிக்குப் பழைய படம் ஒன்றும் என்னிடம் இல்லை.

இப்போது பெரும்பாலான மாடலுக்குக் கம்ப்யூட்டர் அச்சு இருக்கிறது; பிளாட்டர் மெஷினில் வெட்டி எடுத்து வந்து ஒட்டுவார்கள், பிளேடு வண்டியைத் தொடாது. ஓரத்தை மடித்து உள்ளே விடுவதற்காக நல்ல கைக்காரர்கள் முழுத் துண்டைப் போட்டு, படலத்துக்கு அடியில் நூல் வைத்து, அதை இழுத்து வெட்டுவதும் உண்டு. இரண்டும் சரி. வண்டியை விடும்முன் ஒவ்வொரு பேனலையும் வெளிச்சத்தில் படம் எடுத்து, அவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

"ஒட்டி ரெண்டு நாளாச்சு, உள்ள தண்ணி நிக்குது!"

தண்ணீர்தான், காற்றில்லை. சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் ஒட்டுகிறார்கள். வெயிலில் நிறுத்துங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். ஊசியால் குத்தாதீர்கள். முதல் வாரம் கழுவவும் வேண்டாம். அதற்குப் பிறகும் பிரஷர் வாஷர் குழாயை ஓரத்துக்கு நேராக, ஓரடிக்குள் கொண்டுபோகக் கூடாது.

"'தானே ஆறிடும்'னு சொன்னாங்க. பையன் சாவியால கிழிச்சது ஆறவே இல்லையே?"

ஆறுவது மேல் பூச்சின் மெல்லிய கீறல், துணி துடைத்த வட்டக்கோடு போன்றவை. கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் கண்முன்னாலேயே மறையும், பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். படலம் வெட்டுப்பட்டால் ஆறாது. அந்தத் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். பையனைத் திட்டாதீர்கள், படலம் இல்லையென்றால் பெயின்ட்டில் விழுந்திருக்கும்.

"பம்பர் ஓட்டை வழியா பார்த்தா உள்ள ரேடியேட்டர்ல கல்லும் இலையுமா கிடக்கு. இது பரவாயில்லையா?"

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் பெயின்ட்டைவிட இதுதான் பர்ஸைக் கடிக்கும். எஞ்சின் பின்னால் இருக்கும் பாக்ஸ்டர், கேமன், 911 போன்றவற்றில் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் பம்பரின் இரு மூலையில், திறந்த வாய்க்கு நேர் பின்னால் நிற்கின்றன. கண்டென்சரின் அலுமினியம் ரொம்ப மெல்லிசு. ஒரு கல் போதும், ஏசி கேஸ் போய்விடும். நம்மூர் தூங்குமூஞ்சி மர இலையும், ஜனவரி தாண்டினால் உதிரும் தபேபுயா பூவும் உள்ளே போய் ஈரத்தோடு மக்கி, அலுமினியத்தை அரிக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றி வாக்குவம் பிடித்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடச் சொல்லுங்கள். வாய்க்குக் கறுப்பு அலுமினிய வலை போடலாம். கண் அளவு எப்படி என்றால், கடுகு போகலாம், கொண்டைக்கடலை போகக்கூடாது. கொசுவலை மாதிரி நெருக்கமாகப் போட்டுவிட்டால் சில்க் போர்டு நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கும்.

"கோயம்புத்தூர் காரி ட்ராக்குக்குப் போறோம். ஃபிலிம் இல்ல. ஒரு நாளைக்கு என்ன பண்ணலாம்?"

சேலம் வழியாகப் போய் வரும் ஹைவேயிலேயே அடி விழும். ட்ராக்கில் சூடான டயர் ரப்பர் உருண்டையும் கல்லும் சேர்ந்து வரும். பெயின்ட்டர்கள் பயன்படுத்தும் பிசின் குறைந்த மாஸ்கிங் டேப்பின் அகலமான ரகத்தை பம்பரிலும் பானெட் முனையிலும் ஒட்டுங்கள். கூரையில் ஓடு வேய்வதற்கு நேர்மாறாக, மேலிருந்து தொடங்கி மூக்குப் பக்கமாகக் கீழே வந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் காற்று பிய்க்காது. அன்று மாலையே உரித்துவிடுங்கள். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் பசை பெயின்ட்டில் தங்கிவிடும். பழைய டச்சப் புள்ளிகள் மேல் உரிக்கும்போது மெதுவாக.

வண்டி மூக்குக்கு மாட்டும் அந்தக் காலத்து ரெக்ஸின் முகமூடி கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். உள்ளே மண் புகுந்து, காற்றில் அடித்து அடித்து, உப்புத்தாள் வேலை செய்துவிடும். மழையில் நனைந்தால் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"ஃபிலிம் இருக்கு, இனிமே காக்கா எச்சம், பூச்சி எதுக்கும் கவலையில்லைதானே?"

இருக்கிறது. எச்சமும் நசுங்கிய பூச்சியும் படலத்தின் மேல் பூச்சையும் அரிக்கும், தழும்பு விழும். எக்ஸ்பிரஸ்வேயில் சாயங்காலம் வந்தால் அன்றிரவே ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி ஊறவைத்துத் துடையுங்கள். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். ஆலமரத்தடியில் நிறுத்துவதைவிட வெயிலில் நிறுத்துவது மேல்.

"கலர் ஃபிலிம், மேட் ஃபிலிம் போட்டா போலீஸ் பிடிப்பாங்களா?"

நிறமில்லாதது எதற்கும் பிரச்சினை இல்லை. ஆர்சியில் இருக்கும் நிறம் மாறினால் ஆர்டிஓவில் பதிவு செய்ய வேண்டும். ஹெட்லைட்டுக்குக் கறுப்புப் படலம் வேண்டவே வேண்டாம், வெளிச்சமும் போகும், அபராதமும் வரும்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு அம்மா எலுமிச்சம்பழம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?"

கட்டுங்கள், அம்மா மனசுக்காக. நூல் பம்பரில் உராயாமல் அடிப்பக்கம் கட்டுங்கள். எலுமிச்சைச் சாறு பெயின்ட்டில் வடிந்து காய்ந்தால் கறை விழும்.

"செகண்ட் ஹேண்ட் வண்டி ஒண்ணு பார்த்திருக்கேன். ஏற்கெனவே ஃபிலிம் ஒட்டியிருக்கு, ஒரிஜினல் பெயின்ட்னு சொல்றாங்க. அடியில என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

கேஜை வாடகைக்காவது வாங்கிப் போங்கள். முதலில் படலம் இல்லாத கூரையில் வையுங்கள். 120 என்று காட்டினால் அதுதான் அந்த வண்டியின் அசல் கனம். பிறகு பானெட்டில் வையுங்கள். படலத்தின் 200 சேர்ந்து 320-க்குப் பக்கத்தில் காட்டினால் சந்தோஷம். 450 காட்டினால் அடியில் இன்னொரு பெயின்ட் இருக்கிறது. 700, 800 என்று போனால் பட்டி பார்த்திருக்கிறார்கள், அது கல்லடி இல்லை, மோதல். பிளாஸ்டிக் பம்பரில் இந்த கேஜ் ஒன்றும் காட்டாது.

அப்புறம் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, மேலே சொன்ன வெள்ளி முட்டைகளைத் தேடுங்கள். நாலைந்து இருந்தால் சிப் அடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள், பழுப்பு நிழல் தெரிந்தால் உள்ளே துரு ஓடுகிறது. படலம் மஞ்சளாகவோ ஓரம் விறைத்தோ இருந்தால் உரிக்கும் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலை பெயின்ட் என்றால் ஹீட் கன் காட்டி மெதுவாக உரிக்கையில் ஒன்றும் ஆகாது. மறுபடி அடித்த பானெட் என்றால் படலத்தோடு பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடலாம். அதனால் உரிப்பதை வாங்குவதற்கு முன்னால், விற்பவர் எதிரிலேயே, ஒரு மூலையில் மட்டும் ஆரம்பிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.